எட்டுக்கு ஒன்று

வானத்தில் பத்து நிமிடத்துக்கு என்ன விலை என்று மோகனூர் ரோட்டுக் கைலாசத்தைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார்: எட்டுப் பெரிய முட்டை. அதுவும் கூடுதல்தான், பின்னால் விமானச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் ஆறுக்கு முடித்திருப்பேன் என்று இன்றைக்கும் வருத்தப்படுவார்.

கைலாசத்துக்கு மூன்று கோழி ஷெட்டு. முதல் ஷெட்டில் இப்போதுதான் இடத் தொடங்கிய இளங்கோழிகள். முட்டை சின்னது, ஓடு கெட்டி. மூன்றாவது ஷெட்டில் அடுத்த மாதம் கறிக்கு லாரி ஏறப்போகும் கிழட்டுக் கோழிகள். முட்டை பெரியது, ஓடு மெலிசு. சித்திரை வெயிலில் இன்னும் மெலிசு. நாமக்கல் பக்கத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும். கைலாசத்துக்கும் தெரியும். ஆனால் பத்துப் பேர் பார்க்கிற இடத்துக்குத் தன் பண்ணை முட்டை போகிறதென்றால் தெரிந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோகும். வீட்டில் சாப்பிடுவது மட்டும் எப்போதும் கீறல் விட்ட முட்டைதான். நல்லது வெளியூருக்கு, கீறல் அடுப்புக்கு என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட சட்டம்.

ஒரே மகள் மோகனப்பிரியா. திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி. விமானப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டாள். முதல் வருடம் முழுக்க வெயிலில் நடக்கவிட்டார்கள். இரண்டாம் வருடம் துப்பாக்கி சுட்டாள், முகாமுக்குப் போய்க் கூடாரத்தில் படுத்தாள், வேகாத சப்பாத்தி தின்று மூன்று கிலோ இளைத்து வந்தாள். தெர்மாகோலில் விமானம் செய்து ரிமோட்டில் பறக்கவிடப் படித்தாள். நிஜ விமானத்தில் மட்டும் இன்னும் உட்காரவில்லை. அதற்கு ஒரு படிவத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும். மூன்றாம் வருடத்தின் கடைசி மாதத்தில்தான் படிவம் வீட்டுக்கு வந்தது.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றைத் தட்டில் ஆற வைத்துக்கொண்டே கைலாசம் கேட்டார். "ஆகாசத்துல போறதுக்கு நாங் கையெழுத்துப் போடோணுமாக்கும்?"

"ஆமாங்கப்பா."

"உழுந்தா யாரு பொறுப்புன்னு எழுதியிருக்குதா?"

"நாலாவது பக்கத்துல இருக்குதுங்க."

"படி."

"நாமதானாமுங்க."

நெய் ஊற்ற வந்த ராசாத்தி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "ஏனுங்க, புள்ள தெனமும் திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸுல போயிட்டு வாரா. அந்த ரோட்டுல போரு போடற ரிக்கு லாரி வர்ற வரத்துக்கு ஆகாசம் ஒண்ணும் மோசமில்ல. அங்க எதுக்கால வாரதுக்கு ஆளே கெடையாது."

"நீ நெய்ய ஊத்து."

"போடுங்க கையெழுத்த, ஊத்தறேன்."

கைலாசம் சும்மா எதையும் கொடுத்துப் பழகாதவர். பத்து வயதில் அப்பாவோடு முட்டை வண்டியில் ஏறி, ராசிபுரம் சந்தையில் நின்று பேரம் படித்தவர். தொண்டையைச் செருமினார். "நடு மத்தியானம் தண்ணி உடறதுக்கு ஆளில்ல. பன்னண்டு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் ஷெட்டு மேல ஸ்பிரிங்க்ளர் பாத்துக்கோணும். ரெண்டு மாசம்."

மோகனப்பிரியா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டு மாசம்பீங்க, நான் பாஞ்சு நாளும்பேன், கடைசில ஒரு மாசத்துல வந்து நிப்பீங்க. நேரா ஒரு மாசம்னே எழுதிக்கலாங்களாப்பா? சோறு ஆறுது."

ராசாத்தி நெய் ஊற்றினாள்.

பரீட்சைக்கு விட்ட விடுமுறை அவருக்கு வசதியாகப் போயிற்று. அந்த மாதம் மகள் தினமும் தலையில் ஈரத் துண்டோடு ஷெட்டுக்கும் மோட்டாருக்கும் நடந்தாள். கூரைத் தகட்டில் தண்ணீர் விழுந்ததும் ஆவி கிளம்பும். வாயைப் பிளந்து இரைக்கும் கோழிகளுக்கு நடுவே போய், பக்கவாட்டில் கட்டிய சாக்குப்படுதாவை நனைத்து, குடிதண்ணீர்க் குழாயில் கை வைத்துச் சூடு பார்த்து வருவாள். பக்கத்துப் பண்ணைகளில் கூடை கூடையாகக் கோழி செத்தது. இங்கே நாளைக்கு ஒன்றிரண்டோடு நின்றது. கைலாசம் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் படிவம் போன பிறகு இன்னொரு சேதி வந்தது. விமானத்தில் ஐந்து பேருக்குத்தான் மார்க் வரிசையில் இடம். மோகனப்பிரியா ஆறாவது. அரை மார்க்கில் போயிற்று. மார்கழியில் ஒருநாள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆள் போதாமல், அணிவகுப்புக்குப் போகவேண்டியவளை அவர் வீட்டில் நிறுத்திக்கொண்டார். அந்த நாளின் அரை மார்க்தான் அது. அவள் அதைச் சொல்லவில்லை. ராசாத்தி சொன்னாள், இரண்டு முறை.

"ஆறாவது சீட்டு ஒண்ணு இருக்குதுங்கப்பா" என்றாள் மகள். "மாடல் போட்டி வெச்சிருக்காங்க. பச்ச முட்டைய டப்பாவுல வெச்சு, நாம பண்ணுன விமானத்துல கட்டி, எழுவது அடி மேலருந்து உடோணும். கீழ வட்டம் போட்டிருப்பாங்க. முட்ட உடையாம வட்டத்துல உழுந்தா சீட்டு. டப்பாவும் முட்டையுஞ் சேத்து நூறு கிராம்தான் இருக்கோணும்."

"முட்ட ஆரு குடுக்கறா?"

"ஒரு அட்ட முட்ட நம்ம பண்ணைலருந்து தரேன்னு சொல்லியிருக்கேனுங்க. எல்லாருக்கும் அதுதான்."

கைலாசத்துக்கு முகம் மலர்ந்தது. முட்டைப் போட்டி, நாமக்கல் முட்டை, கைலாசம் பண்ணை உபயம்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மோகனப்பிரியா முதல் ஷெட்டில் கூண்டு கூண்டாக நடந்து, ஒவ்வொன்றாக எடை போட்டு, நாற்பத்துநாலு கிராமை ஒட்டி முப்பது முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கி வாசலில் வைத்தாள். மில் கழிவுப் பஞ்சை அடைத்துச் செய்த டப்பாவில் ஒன்றை வைத்து மாடியிலிருந்து போட்டுப் பார்த்தாள். உடையவில்லை. மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் ராசாத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

விடியற்காலை வண்டி எடுக்கும்போது கைலாசம் அந்த அட்டையைப் பார்த்தார். கோலிக்குண்டு போல முப்பது முட்டை. கடைக்காரன் விலை குறைத்துக் கேட்கிற சரக்கு. இதையா ஆபீசர்கள் முன்னால் வைப்பது?

"செல்லமுத்து, மூணாவது ஷெட்டுலருந்து நல்லதா ஒரு அட்ட கொண்டா."

பண்ணையில் பதினைந்து வருடமாக இருக்கும் செல்லமுத்து தலையைச் சொறிந்தார். "பாப்பா எடுத்து வெச்சது இதுங்களே."

"பாப்பாளுக்கு என்ன தெரியும். வர்ற ஆபீசருங்க நாமக்கல்ல கோழி மொட்டு போடுதா முட்ட போடுதான்னு கேப்பாங்க. பெருசா எடுத்துட்டு வா. மூடிக் கட்டு."

மகள் தன் விமானத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். பின்னால் கட்டியிருந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புதுச்சத்திரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, எந்தக் காலத்திலோ ஒரு நூல்மில் முதலாளி ஆசைக்குப் போட்டுவைத்த ஓடுபாதை. அவர் ஆசை தீர்ந்து, பாதை ஓரத்தில் சோளம் விளைந்துகொண்டிருந்தது. ஆறரைக்கெல்லாம் நீலச் சட்டை கேடட்டுகள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு குட்டி விமானம். இரண்டு பேர் உட்காரலாம். கைலாசம் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்க்கக் கை நீண்டது. ஓட்டுகிற பிரபா மேடம், கறுப்புக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பியது.

"தகரம்னு நெனச்சேன். துணியாட்டம் இருக்குதுங்களே."

"துணி மாதிரிதாங்க."

"நாலாவது பக்கத்த இன்னொருக்கா படிச்சிருக்கோணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிரபா மேடம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "எட்டரைக்கு மேல நான் எடுக்க மாட்டேன். தரை சூடாயிட்டா காத்து தூக்கித் தூக்கி அடிக்கும். அஞ்சு பேர் இப்பவே வரிசையில வாங்க. ஆறாவது ஆளு எட்டு இருபதுக்குள்ள தயாரா இருந்தா உண்டு. இல்லேன்னா இல்ல."

போட்டியை நடத்துகிறவர் தனசேகர் சார், கல்லூரி வாத்தியார், பிரிவுக்கு அதிகாரி. மடக்கு மேசை, அதன்மேல் ஒரு தராசு. போட்டியில் மூன்று பேர்: சேலத்து நந்தகுமார், ராசிபுரம் குமரன், மோகனப்பிரியா. இவளுடைய விமானத்தைக் கையால் எறிந்து விட உதவிக்கு அன்புச்செல்வி, இரண்டாம் வருடம், குரலுக்கு மைக் தேவைப்படாத பெண்.

கைலாசம் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். மோகனப்பிரியாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவர்கூடப் பார்த்தார்.

"அப்பா, இது எந்த முட்டைங்க?"

"நம்முளுதுதான். நல்லதா மாத்தி எடுத்துட்டு வந்தேன்."

ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள். அறுபத்தொன்பது. அன்புச்செல்விதான் பேசினாள். "மாமா, டப்பா அம்பத்தஞ்சு கிராம். ரெண்டுஞ் சேத்தா நூத்து இருவத்தி நாலு. எங்களுக்கு நூறுதானுங்க."

"அப்ப டப்பாவக் கொறச்சுக்க."

"டப்பாவுக்குள்ள இருக்கறது பஞ்சுங்க மாமா. பஞ்சக் கொறச்சா முட்ட உடையும்."

போட்டிக்கு வந்த மூன்று பேரும் குத்தவைத்து உட்கார்ந்து அவரவர் டப்பாவிலிருந்து பஞ்சைப் பிய்த்து வெளியே போட்டார்கள். காற்று அதைச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனது. கைலாசம் பறக்கிற ஒவ்வொரு பஞ்சையும் பார்த்தார்.

முதல் சுற்று பத்து நிமிடத்தில் முடிந்தது. நந்தகுமாரின் டப்பா வட்டத்துக்குள் விழுந்து, திறந்தபோது மஞ்சளாக வழிந்தது. குமரனுடையது விழுவதற்கு முன்பே, விமானம் ஏறும்போது குலுங்கியதில் உடைந்து, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் சொட்டியது. மோகனப்பிரியாவுடையது வட்டத்தின் நடு மையத்தில் விழுந்தது. தனசேகர் சார் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஒரு சுத்து இன்னும் உண்டு. அதுலயும் யாருதும் பொழைக்கலேன்னா ஆறாவது சீட்டு காலியாவே போகும்."

மோகனப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் சும்மா பார்த்தாள். முதலில் அரை மார்க், இப்போது இருபத்தைந்து கிராம். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்.

மோகனூர் ரோட்டுக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம். மணி ஏழேகால். கைலாசம் அட்டையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார்.

லாரிகள் நிற்கிற புளியமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. ஆம்லெட் வாசனை. வண்டிக்காரி பூவாத்தாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கைலாசத்தின் கண் நேராக அவளுடைய முட்டைக்கூடைக்குப் போனது. பெரியதும் சின்னதும் கலந்து கிடந்தது. சின்னதில் ஓடு பளபளத்தது. தினமும் தான் முகம் சுளித்துத் தள்ளுகிற சரக்கு, அன்றைக்கு முத்து மாதிரி தெரிந்தது.

"ஏனுங்கம்மா, ஒரு சின்ன முட்ட குடுங்க. பதிலுக்குப் பெருசா ஒண்ணு தரேன்."

பூவாத்தாள் கத்தியை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். "கெழட்டுக் கோழி. லாரி ஏறப்போவுது. பண்ணைக்காரருங்களா?"

"யாவாரிங்க."

"செருப்புல கோழித்தீவனம் ஒட்டியிருக்குதுங்க."

கைலாசம் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சரிங்க, ரெண்டு வெச்சுக்கங்க."

"பெருசு எதுக்குக் குடுத்துச் சிறுசு கேக்கறீங்க?"

"உடையாம இருக்கோணும்."

"அது செரி. எனக்கு உடைஞ்சாத்தான் யாவாரம். உங்களுக்கு உடையாம இருந்தாத்தான் யாவாரம். பத்து குடுங்க."

"பத்தா? ஒரு முட்டைக்கா? ஏம்மா, உங்க கோழி பொன்னுலயா போட்டுச்சு? மூணு."

"ஒம்போது."

"நாலு. சந்தையில வந்து நாலு பேருகிட்டக் கேளுங்க, இந்த மாதிரி ஒருத்தன் குடுப்பானான்னு."

அந்த நேரத்தில் சோளக்காட்டுக்குப் பின்னாலிருந்து உறுமல் கிளம்பி, குட்டி விமானம் புளியமரத்துக்கு மேலாக ஏறியது. கைலாசம் தன்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தார். பேரத்தில் எதிராளி பார்க்கக்கூடாத பார்வை அது. பூவாத்தாள் பார்த்துவிட்டாள்.

"அவசரம் உங்களுக்குத்தானுங்க, எனக்கில்ல. எட்டு. இதுக்குக் கீழ எறங்கமாட்டேன்."

எட்டு முட்டையை எண்ணிக் கூடையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு சின்ன முட்டையைச் சட்டைப்பைக்குள் கைக்குட்டையில் பொதிந்து, அட்டையோடு திரும்பினார். மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கையில் வைத்தார். நாற்பத்துமூன்று கிராம் இருக்கும். கையிலேயே தெரிந்தது.

அவள் முகம் விளக்குப் போட்டது போலானது. உடனே அணைந்தது. "நந்தகுமாருக்கும் குமரனுக்குங்க?"

"அவிங்களுக்கு எதுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே அட்ட முட்டைன்னுதானுங்கப்பா போட்டி. அவங்க டப்பாவையும் நாமதான கெடுத்தோம்."

"நாமன்னு சொல்லாத, நாந்தான். ஒண்ணுக்கு எட்டு குடுத்து வாங்கியிருக்கேன் பாப்பா."

"இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க. இல்லீன்னா எனக்கும் வேண்டாம்." முட்டையை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். பேரம் பேசவில்லை. பேரமில்லாத விலையை அவர் அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் கைலாசம் ஓடினார். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் அட்டை. பூவாத்தாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு" என்றார் மூச்சிரைக்க.

"ஒண்ணுக்குப் பத்துங்க."

"இப்பத்தானே எட்டுன்னீங்க."

"அப்ப நடந்து வந்தீங்க. இப்ப ஓடி வாரீங்க."

"ரெண்டுக்கு இருவது. எங்கிட்ட இருக்கறதே பத்தொம்பது. எண்ணிப் பாத்துக்கங்க தாயி."

பூவாத்தாள் சிரித்தாள். "எதுக்குங்ணா இந்த ஓட்டம்?"

"எம் பொண்ணு அதுல ஏறோணும்." மேலே காட்டினார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். "எட்டுக்கே எடுத்துக்கங்க. நானும் வாரேன், பாக்கோணும்." கல்லருகே ஆம்லெட்டுக்குக் காத்திருந்த லாரி டிரைவரிடம் திரும்பினாள். "சாமி, ஒரு பத்து நிமிசம்." டிரைவரும் பின்னாலேயே வந்தார்.

எட்டு மணிக்கு இரண்டாவது சுற்று. பிய்த்துப் போட்ட பஞ்சைச் சோளக்காட்டில் பொறுக்கி வந்து மறுபடி அடைத்தார்கள், அதில் பாதி சோளத்தோகை. மூன்று டப்பாவும் தராசில் நூறுக்குள் நின்றன.

நந்தகுமாரின் முட்டை உடையவில்லை. ஆனால் காற்று தள்ளி, வட்டத்துக்கு வெகு வெளியே வண்டிப்பாதையில் விழுந்தது. குமரனுடையது வட்டத்துக்குள் கல்லில் பட்டுத் தெறித்தது. கீறல். டிரைவர் "ப்ச்" என்றார்.

அன்புச்செல்வி நாலு எட்டு ஓடி விமானத்தை எறிந்தாள். மோகனப்பிரியா ரிமோட்டைப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். விமானம் ஏறி, சாய்ந்து, வட்டத்துக்கு நேராக வந்தது.

"உடு பாப்பா, உடு" என்றார் கைலாசம்.

விடவில்லை. விமானம் வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"ஏன் உடல?"

"சும்மா இருங்க மாமா, காத்து பாக்கறா" என்றாள் அன்புச்செல்வி, மைல் தூரத்துக்குக் கேட்கும்படி.

மறுபடி சுற்றி வந்தது. பூவாத்தாள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். இந்த முறை வட்டத்துக்கு வெகு முன்னாலேயே, கைலாசம் வாயைத் திறப்பதற்குள், டப்பா கழன்றது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒருமுறை குதித்தது, இன்னொருமுறை குதித்தது, உருண்டது, சுண்ணாம்புக் கோட்டின் மேல் போய்ப் படுத்தது.

தனசேகர் சார் மண்டியிட்டுப் பார்த்தார். "கோட்டத் தொட்டா உள்ளதான்." டப்பாவைத் திறந்தார். சின்ன முட்டையை வெயிலில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. வேக வைத்ததா என்று பார்க்கக் கண்ணாடி டம்ளர் விளிம்பில் தட்டினார். முதல் தட்டில் உடையவில்லை. இரண்டாவது தட்டில்தான் பிரிந்து, வெள்ளையும் மஞ்சளும் வழுக்கி விழுந்தன.

"பச்ச முட்ட. ஓடிப் போம்மா, எட்டு பாஞ்சு."

நாற்பது பேர் கத்தியதில் சோளக்காட்டுக் குருவிகள் எழுந்தன. நந்தகுமார்தான் முதலில் ஓடிவந்து அவளுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டான். குமரன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். கைலாசம் டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேசைப் பக்கம் குனிந்துவிட்டு விமானத்துக்கு ஓடிய மகளை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் விமானம் ஓடத் தொடங்கியது, ஓடியது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"போயிட்டா" என்றார்.

"வருவா" என்றாள் பூவாத்தாள்.

பத்து நிமிடம் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. மேசையருகே உட்கார்ந்து, பேனாவை எடுத்து அட்டையின் ஓரத்தில் பண்ணையில் தினமும் எழுதுகிற மாதிரி கணக்கு எழுதினார். உடைந்தது மூன்று. பூவாத்தாள் எட்டு. பூவாத்தாள் பதினாறு. மீதி மூன்று இருக்க வேண்டும். அட்டையில் இரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். இரண்டு. மேசைக்கு அடியில் பார்த்தார். பூவாத்தாளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னப் பாக்காதீங்க, நான் எண்ணித்தான் வாங்குனேன்."

உறுமல் இறங்கி வந்தது. விமானம் இரண்டு முறை தரையைத் தொட்டு, ஓடி, நின்றது. மோகனப்பிரியா காற்றில் கலைந்த தலையோடு நேராக அவரிடம் வந்தாள். பேசுவதற்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சு மொத்தமும் ஒன்றாக வந்தது.

"ஏரி தெரிஞ்சுதுங்கப்பா, தீப்பெட்டியாட்டம் கோழி ஷெட்டா தெரிஞ்சுது, எல்லாருளுதும், நம்முளுது எதுன்னுதான் தெரியல, ரெண்டு நிமிசம் மேடம் எங்கையில குடுத்தாங்க, நானே திருப்புனேன்."

"கீழ பாத்தியா? பயமா இல்லியா?"

"நீங்க மட்டும் வெள்ளையா தெரிஞ்சீங்க. உக்காந்திருந்தீங்க."

மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் பொதிந்த ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். பெரிய முட்டை. மூன்றாவது ஷெட்டு. ஒரு கீறல் இல்லை.

"இத எதுக்குக் கொண்டுபோன?"

"மேடத்துகிட்டக் கேட்டுட்டுத்தான். உடைஞ்சா சீட்ட நீதான் கழுவோணும்னாங்க." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "நீங்க ஆசையா எடுத்துட்டு வந்ததுங்களே. அதுல ஒண்ணாச்சும் பறக்கட்டும்னுதான்."

கைலாசம் முட்டையை நகத்தால் தட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, அட்டையின் ஓரத்தில் கடைசி இரண்டு வரியைச் சேர்த்துக் கோடு போட்டார்.

உடைந்தது 3. பூவாத்தாள் 8. பூவாத்தாள் 16. கையிருப்பு 2. ஆகாசம் போய் வந்தது 1. ஆக 30. சரி.